நாற்பத்தொரு மாநிலம் பார்த்த வண்டி

அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அது கத்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நார்பர்ட் ஹெண்டர்ஷாட், தன் மோட்டார்ஹோமின் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அடுப்பு மேடைக்குக் கீழே சுவரில் பதிந்திருந்த சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு சமாச்சாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எதற்காக எரிகிறது என்று பக்கத்தில் எழுதித்தான் இருந்தது. அந்த எழுத்தை யாரோ வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து, சுத்தத்துக்கு உதாரணமாக ஆக்கிவிட்டிருந்தார்கள்.

"பீப்," என்றது பெட்டி.

"இரு, இரு. பாக்குறேன்ல?" என்றார் நார்பர்ட்.

"அதுகிட்ட பேசுறியா, எங்கிட்ட பேசுறியா?" என்று படுக்கையிலிருந்து கேட்டார் மனைவி கோரின்.

"எனக்கு நானே பேசிக்கிறேன்."

கோரின் பள்ளிக்கூட நூலகராக முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். எந்தப் புத்தகத்தையும் முன்னுரையிலிருந்துதான் ஆரம்பிப்பார். வண்டியோடு வந்த நான்கு பாகக் கையேட்டை ஏதோ குடும்ப நாவல் மாதிரி, தலையணையை முட்டுக்கொடுத்து, ரசித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு நார்பர்ட். கேக்கணும்னா கேளு."

"தேவையில்ல."

கேட்க முடியாது. பந்தயமே அதுதான்.

ஒஹையோ மாநிலம் டொலீடோவில், தண்ணீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர் நார்பர்ட். உலகத்தில் அவர் அதிகம் பார்த்தது பிறத்தியார் வீட்டு நிலவறைகளைத்தான். இனி மிச்ச ஆயுசை வெளிச்சத்தில் கழிக்க வேண்டும், வீட்டை விற்றுவிட்டுச் சக்கரத்தின் மேலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோரினுக்கு அந்த வீடு பிடிக்கும். குறிப்பாக, அது ஒரே இடத்தில் நிற்பது பிடிக்கும்.

ஆகவே ஓர் ஒப்பந்தம். அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்ஸைட் ஊரைத் தாண்டிய வெட்டவெளியில், கரண்ட் இணைப்பு இல்லாமல், குழாய் இணைப்பு இல்லாமல், மூன்று ராத்திரி. வியாழன் மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும். அதற்குள் நார்பர்ட் யாரிடமாவது வாயைத் திறந்து உதவி கேட்டால் வண்டியை விற்றுவிட வேண்டியது. கேட்காமல் தாக்குப்பிடித்தால் வீட்டை விற்றுவிட வேண்டியது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நண்டுக் காந்தத்துக்கு அடியில் தொங்கியது.

"உன்கிட்ட கேட்டாலும் கேட்டதாத்தானா?" என்று கையெழுத்துக்கு முன்பே விசாரித்திருந்தார் நார்பர்ட்.

"எங்கிட்ட கேட்டா ரெண்டு தடவை கேட்ட மாதிரி," என்றிருந்தார் கோரின்.

"பீப்."

நார்பர்ட் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. வாசனை இல்லாத கேஸ்தான் ஆபத்தானது என்று எங்கேயோ படித்த ஞாபகம். வெளியே ஓடி, வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கேஸ் வால்வை இறுக்கி மூடினார். உள்ளே அடுப்பில் பாதி கொதித்திருந்த காபி அப்படியே அமைதியானது. ஃப்ரிட்ஜ், கேஸ் வரவில்லை என்று தெரிந்ததும் சமர்த்தாகத் தன்னைத்தானே பேட்டரிக்கு மாற்றிக்கொண்டது. அந்தச் சமர்த்து நார்பர்ட்டுக்குத் தெரியாது.

"காபி?" என்றார் கோரின்.

"உயிரா, காபியா?"

"காபி."

"பீப்," என்றது பெட்டி. முன்னைவிடக் கொஞ்சம் உற்சாகமாக.

நார்பர்ட் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கினார். உதவி கேட்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தம். பார்க்கக் கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. ஐம்பது தப்படி தள்ளி, பக்கத்து வண்டிக்காரர் டட்டிலின் வண்டி நின்றது.

அந்தப் பாலைவனத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் புதுசு என்று அர்த்தம். யார் பழசு, யார் புதுசு என்பதை நாற்காலி வெளுத்திருக்கிற விதத்தையும், வண்டியின் முதுகில் ஒட்டியிருக்கிற வரைபடத்தையும் வைத்து அவரவரே கண்டுகொள்ள வேண்டும். அமெரிக்க வரைபடம், போய்வந்த மாநிலத்துக்கெல்லாம் ஒவ்வொரு கலர்த் துண்டு ஒட்டுவார்கள். டட்டிலின் வரைபடத்தில் நாற்பத்தெட்டு மாநிலம். அவருடைய நாற்காலி ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நார்பர்ட்டின் வண்டியிலும் நாற்பத்தொரு மாநிலம் இருந்தது. ஒட்டியவர், வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்ட ஒரு பல் டாக்டர். நார்பர்ட் அதை வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. வரைபடத்தைப் பிய்த்தால் பெயின்ட் உரியும் என்று விட்டுவைத்திருந்தார். கோரினிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு டட்டில் வெளியே வந்தார். பேன்ட்டைத் தோள்பட்டை வாரில் தூக்கிக் கட்டிய நெட்டையான மனிதர். சுற்றுமுற்றும் பார்த்தார். தன் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். குனிந்தார். கேஸ் வால்வை மூடினார்.

"கோரின்! இங்க வா! பாத்தியா? அவரும் மூடுறாரு! நாப்பத்தெட்டு மாநிலம் பாத்தவரு!"

"அவர் வீட்டுல காபி போட்டு முடிச்சிருப்பாங்க."

"இங்க இதுதான் வழக்கம் போல. காலைல எந்திரிச்சதும் மூடிடணும்."

அந்தக் காலை உணவு, குளிர்ந்த தண்ணீரில் ஊறிய ஓட்ஸ்.

மத்தியானத்துக்குள் விளக்குகள் மங்கின. பெட்டி இப்போது பத்து விநாடிக்கு ஒரு தடவை கத்தியது. பேட்டரி அளவு காட்டும் பலகையில் நான்கு பச்சைப் புள்ளிகளில் ஒன்றுதான் மிச்சம். சரி, ஜெனரேட்டர் எதற்கு இருக்கிறது? நார்பர்ட் பித்தானை அழுத்தினார். அது இரண்டு தடவை இருமிவிட்டு, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டது.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பித்தான் இருந்தது. 'அவசரத்துக்கு' என்று போட்டிருந்தது. அதை அழுத்திப் பிடித்தால் இன்ஜின் பேட்டரி, விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்குமான வீட்டுப் பேட்டரிக்குக் கைகொடுக்கும். பிடித்தார். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. வெற்றி! ஆனால் கட்டைவிரல் எவ்வளவு நேரம் தாங்கும்? துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, பித்தான் அழுந்தியபடியே நிற்குமாறு இடுக்கில் சொருகினார்.

"முந்நூத்தி நாப்பதாம் பக்கம்…" என்று ஆரம்பித்தார் கோரின்.

"நான் கேக்கல."

"நானும் சொல்லல. பாட்டு மாதிரி முணுமுணுக்கிறேன்."

பெட்ரோல் கால் டாங்க்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். ஊர் திரும்பவாவது மிஞ்சட்டும் என்று அதைச் செய்தவர்களுக்கு இருந்த அக்கறை. பன்னிரண்டாவது நிமிடம் அது நின்றது. கிளிப் நிற்கவில்லை. வீட்டுப் பேட்டரியும் இன்ஜின் பேட்டரியும் கைகோத்தபடி, ஃப்ரிட்ஜுக்கு இரை போட்டுச் சேர்ந்து இறங்க ஆரம்பித்தன.

மூன்று மணிக்கு நார்பர்ட் மறுபடி திரையை விலக்கினார். டட்டிலின் மனைவி வெர்லீன் துணிக்கொடியிலிருந்து ஒரு கிளிப்பை உருவி, ஆபரேஷன் அறை நர்ஸ் போல நீட்டினார். டட்டில் அதை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் ஏறினார்.

"கிளிப்பு!" என்றார் நார்பர்ட். "கோரின், எந்த மேனுவல்லயும் இது இருக்காது. இதெல்லாம் அனுபவம்."

"மேனுவல்ல இல்லதான்," என்று ஒப்புக்கொண்டார் கோரின்.

நான்கு மணிக்கு இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஆளுக்கொரு நாற்காலியோடு கூடினார்கள். இது அங்கே தினப்படி சடங்கு. அவரவர் நாற்காலி, அவரவர் குடிப்பது. பொழுது சாய்வதைப் பார்க்க வேண்டும். கேள்வி மட்டும் கிடையாது.

"காத்து மாறுது," என்றார் டட்டில்.

"மாறும்," என்றார் நார்பர்ட்.

பத்து நிமிடம் காற்று மாறியது.

"காலைல கேஸை மூடிட்டீங்க போல."

நார்பர்ட்டுக்கு முதுகு நிமிர்ந்தது. பெரியவர் பரீட்சை வைக்கிறார்! "மூடுனாத்தான்," என்றார்.

டட்டில் அதை வாயில் போட்டு மென்றார். "ஆமா," என்றார் கடைசியில். "மூடுனாத்தான்."

வெர்லீன் ஊசியையும் நூலையும் மடியில் வைத்துவிட்டு, "அந்தக் கிளிப்பு…" என்று வாயெடுத்தார். டட்டில் பலமாக இருமினார். வெர்லீன் ஊசியை எடுத்துக்கொண்டார்.

"நல்ல மனுஷங்க," என்றார் நார்பர்ட், திரும்பி வரும்போது. "அலட்டலே இல்ல."

"அந்தம்மா என்னமோ கேக்க வந்தாங்க."

"நாப்பத்தெட்டு மாநிலம் சுத்துனவங்க நம்மகிட்ட என்னத்தைக் கேக்கப் போறாங்க?"

அன்று சாயங்காலம் கோரின் குளிக்கப் போனார். இரண்டாவது நிமிடம் உள்ளிருந்து நிதானமான குரல் வந்தது. "நார்பர்ட், தண்ணி கீழ போகல. மேல வருது. கணுக்கால்ல இருக்கு. நான் எதுவும் சொல்லல, சும்மா நிலவரம் வாசிக்கிறேன்."

அழுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் இலாகாவில் இருந்தவருக்கு இது மானப்பிரச்னை. நார்பர்ட் ஒரு வாளியோடு வெளியே பாய்ந்தார். வண்டியின் இடுப்பில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஆறு லிவர்கள். எழுத்தெல்லாம் வெயில் தின்றுவிட்டது. நான்காவதைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. வாளி நிரம்பி வழிந்து மணலில் ஓடியது.

ஓடுகிற தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று வியந்தார். ஒரு கை அள்ளி முகம் கழுவினார். கழுவும்போதுதான் மூளைக்கு எட்டியது. குடிதண்ணீர். லிவரைத் தள்ளினார், சிக்கிக்கொண்டது. உதைத்தார். அது மூடியபோது, மூடுவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

உள்ளே கணுக்கால் தண்ணீர் அப்படியே நின்றது.

"சத்தம் நல்லா கேட்டுச்சே," என்றார் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற கோரின். "என்னது போச்சு?"

நார்பர்ட் பதில் தேடி ஜன்னலுக்கு ஓடினார். பதில் அங்கே இருந்தது. அஸ்தமன வெளிச்சத்தில், டட்டிலின் வண்டிக்கு அடியில் ஈர மணல் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. டட்டில் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புழுதி அடங்கறதுக்கு," என்றார் நார்பர்ட். "சாயங்காலமானா தொறந்து விடுவாங்க போல."

"குடிக்கிற தண்ணியையா?"

"அவங்களுக்குத் தெரியாதா?"

குளியலறையில் நின்ற தண்ணீருக்கும் அவரே ஒரு வழி கண்டார். வண்டி நான்கு ஜாக் கால்களில் நிற்கிறது. இடது பின்காலின் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த மூலை தணியும். தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடும். ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்தினார். வண்டி இரண்டு விரல் சாய்ந்தது. தண்ணீர், குளியலறையை விட்டு வெளியேறி நடைபாதைக் கம்பளத்தைப் பார்த்து ஓடியது.

சனிக்கிழமை காலை நார்பர்ட் கண் விழித்தபோது பூரண அமைதி.

"கோரின்! பீப் நின்னுடுச்சு! சொன்னேன்ல, சரியாயிடும்னு?"

"சரியாகல," என்றார் கோரின், பக்கத்தைத் திருப்பியபடி. "செத்துடுச்சு. பேட்டரி இறங்குதுன்னுதான் அது கத்துச்சு."

விளக்கும் செத்திருந்தது. வண்டியோடு சொருகியிருந்த இரண்டு போன்களும் நாகரிகமாகக் கூடவே போயிருந்தன. நார்பர்ட் திரையை விலக்கினார். டட்டிலின் வண்டியும் இடது பின்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு விரல் இல்லை, ஒரு முழம்.

"அடடா," என்றார் நார்பர்ட். "சாய்ச்சது சரிதான். அளவுதான் பத்தல."

வெளியே போய் இன்னும் ஒரு சுற்று. கீழே இறக்கக் கரண்ட் வேண்டாம், திருகு போதும். மறுபடி மேலே ஏற்றத்தான் கரண்ட் வேண்டும் என்பது பிற்பாடு தெரிந்தது. வண்டி ஒரு முழத்துக்கும் கூடவே சாய்ந்தது. மேஜையிலிருந்த முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை மாறாமல், உருண்டு போய் விழுந்தன. கூரைமேல் இருந்த ஒரே சூரியத் தகடு, சூரியனுக்கு முதுகைக் காட்டி வடக்கு மலைகளை ரசிக்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு டட்டிலின் வண்டி இன்னும் சாய்ந்தது. பதினொன்றுக்கு நார்பர்ட்டுடையது. மத்தியானம், ஒரே வளைவில் திரும்புகிற பஸ்ஸில் நின்று பயணம் செய்யும் இரண்டு பேரைப் போல இரண்டு வண்டிகளும் நின்றன.

"சாய்ஞ்சிருந்தா ஃப்ரிட்ஜ் ஓடாதாம்," என்று கோரின் கூரையைப் பார்த்துச் சொன்னார். "சும்மா, ரெண்டாம் பாகத்துலேர்ந்து ஒரு வரி."

"ஓடறதுக்குக் கரண்டே இல்லியே."

"அதுவும் அந்த வரியில இருக்கு."

"கேஸைத் தொறந்து அடுப்பாவது பத்த வைக்கலாம்ல?" என்று அடுத்துக் கேட்டார் கோரின்.

"டட்டில் தொறக்கட்டும். தொறந்த உடனே தொறந்துடறேன்."

டட்டில் திறக்கவில்லை. மாறாக, தன் ஜன்னலில் பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தார். அது நேராக நார்பர்ட்டைப் பார்த்தது.

"நம்ம கூரை மேல ஏதோ அபூர்வமான பறவை," என்று நார்பர்ட் கிசுகிசுத்தார்.

கோரின் வெளியே போய், சரிவில் நின்று, வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு டட்டிலின் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே வந்து, "பறவையெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார். கையேட்டை விரித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சரிந்த சோபாவில், ஒருவர் மேல் ஒருவர் வழுக்கியபடி, ஊறுகாய் வெள்ளரியும் குளிர்ந்த டப்பா பீன்ஸும் சாப்பிட்டார்கள். பல் தேய்க்க இஞ்சி சோடா.

"நிஜமாவே இது வேணுமா நார்பர்ட்?" என்று கேட்டார் கோரின். கிண்டல் இல்லாத குரல்.

நார்பர்ட் ஜன்னலுக்கு வெளியே, சிவந்து கொண்டிருந்த மலையைப் பார்த்தார். "முப்பத்தொரு வருஷம் டார்ச் அடிச்சு அடிச்சு மீட்டர் முள்ளைப் பாத்தேன் கோரின். இதைப் பாக்க டார்ச் வேணாம்."

கோரின் ஒரு ஊறுகாயை அவர் தட்டுக்குத் தள்ளினார். அது தானாகவே வந்திருக்கும்; ஆனாலும் தள்ளினார்.

ஞாயிறு காலை வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி சோடாவும் தீர்ந்திருந்தது. பதினொன்றரைக்கு நார்பர்ட் சாவியைத் திருகினார். இன்ஜின் 'டிக்' என்றது. மறுபடி திருகினார். இந்தத் தடவை அந்த 'டிக்'கும் இல்லை. பித்தானில் கிளிப் மட்டும் விசுவாசமாக நின்றது.

இனி கேட்டாக வேண்டும்.

"வா," என்று கோரின் தொப்பியை எடுத்து மாட்டினார். "நானும் வரேன். சாட்சிக்கு."

ஐம்பது தப்படி. நார்பர்ட்டுக்கு அது டொலீடோ வரைக்கும் நீண்டது. பாதி வழியில் கோரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டுக்கு இன்னும் எட்டு நிமிஷம்," என்றார். "இப்ப வாயத் தொறந்தா தோத்த. தெரியும்ல?"

"தெரியும்."

"எட்டு நிமிஷம் மெதுவா நடக்கலாம்."

நார்பர்ட் நின்று மனைவியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "தாகத்துல நீ செத்துட்டா ஜெயிச்சு என்ன பண்றது?" என்றுவிட்டு வேகமாக நடந்தார்.

அங்கே யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. நார்பர்ட் தட்டினார். தாழ் விலகியதும் கதவு, சாய்மானத்தில் தானாகவே உள்ளே இருப்பவர்களின் கையை மீறிப் படாரென்று மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை வெர்லீன் அதைத் தோளால் முட்டித் திறந்து பிடித்தார். அவருக்குப் பின்னால், இருட்டில், சரிந்த தரையில் ஒரு காலை மடக்கி நின்றார் டட்டில். கையில் துணி கிளிப். மூன்று நாள் தாடி. தலை குனிந்திருந்தார்.

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

"அப்பாடா, நீங்களே வந்துட்டீங்க!" என்று அதற்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் வெர்லீன். "போய்க் கேளுங்க, போய்க் கேளுங்கன்னு ரெண்டு நாளா இந்த மனுஷன்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், கௌரவம் பாத்துட்டு நகரவே இல்ல. இந்த வண்டியை அந்த மேப்பு, நாற்காலியோட சேத்து நாங்க வாங்குனதே போன செவ்வாய்க்கிழமைதான் நார்பர்ட்! கேஸை மூடுனோம், கிளிப்பு மாட்டுனோம், தண்ணியைத் தொறந்து விட்டோம், வண்டியைச் சாய்ச்சோம், நீங்க செஞ்சதுல ஒண்ணையும் நாங்க விடல. நாப்பத்தொரு மாநிலம் பாத்தவரே செய்யறாரேங்கிற தைரியத்துல, நேத்து போன் அணையறதுக்கு முன்னாடி ஊர்ல வீட்டையும் வித்துப் போன்லயே கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப சொல்லுங்க, அடுத்து எந்த லிவரை இழுக்கணும்?"